எல்லையோர எல்.பி. வகுப்பில் முதல் ஆண்டு: எல்லாப் பாடத்துக்கும் இடம் கிடைக்கத் திட்டமிடுவது எப்படி?

கேரளத்துப் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலூக்காவில் தமிழ் வழி எல்.பி. (லோயர் பிரைமரி) வகுப்புக்குப் புதிதாக வரும் ஆசிரியர்கள் முதல் வாரத்தில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எந்தப் பாடத்தை டீச்சர் முதல்ல முடிக்கணும்?" கேட்பதில் நியாயம் இருக்கிறது. மேஜை மேல் தமிழ், கணக்கு, ஆங்கிலம், சூழல் பாடம் என்று புத்தகங்கள். அதற்கு மேல் மலையாளம். அப்புறம் டீச்சிங் மேனுவல் என்ற பாடக்குறிப்பு நோட்டு, தினாசரணப் பட்டியல் (பள்ளியில் கொண்டாடும் சிறப்பு நாள்கள்), நாலாம் வகுப்புக்கு எல்.எஸ்.எஸ். என்று சொல்லிவந்த உதவித்தொகைத் தேர்வு. இத்தனையையும் பார்த்ததும் கை தானாகத் தமிழையும் கணக்கையும் எடுத்துக்கொண்டு மற்றதை ஓரமாக வைத்துவிடும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அப்படித் தொடங்கினால் என்ன ஆகும், வேறு எப்படித் தொடங்கலாம் என்பதை என் வகுப்பு அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். தேவிகுளம், பீர்மேடு பக்கம் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் சில அடிப்படைகள். தமிழ்நாட்டில் படித்துப் பயிற்சி முடித்து வந்தவர்களுக்கு இங்கே சில விஷயங்கள் புதிதாக இருக்கும். அங்கே தொடக்கப் பள்ளி 5 வரை; இங்கே எல்.பி. 4 வரை, 5 முதல் 7 வரை யு.பி. (அப்பர் பிரைமரி). பாடநூல், கேரளத்தின் பாடத்திட்ட அமைப்பான எஸ்.சி.இ.ஆர்.டி. தமிழில் தயாரிக்கும் நூல். தமிழ்நாட்டுப் புத்தகம் நமக்கு நன்றாகப் பழகியிருக்கும். அதிலிருந்து ஒரு பாட்டோ படமோ எடுத்துக் காட்டலாம், ஆனால் அதை வைத்தே ஆண்டை ஓட்டக் கூடாது. பிள்ளை நாளைக்கு உட்காரப்போவது இங்கத்து யு.பி. வகுப்பில். 1, 2 வகுப்புகளில் சூழல் பாடத்துக்குத் தனிப் புத்தகம் இருக்காது, மொழிப் பாடத்துக்குள்ளேயே கலந்து வரும். மூன்றாம் வகுப்பில்தான் அது தனியாகப் பிரியும். 2024-25இல் 1, 3 வகுப்புகளுக்கும் அடுத்த ஆண்டு 2, 4 வகுப்புகளுக்கும் புதிய பாடநூல்கள் வந்துவிட்டன. அலமாரியில் கிடக்கும் பழைய கையேட்டை நம்பி மேனுவல் எழுதிவிடாதீர்கள்.

தாய்மொழியில் தொடக்கக் கல்வி என்பது யாரும் நமக்குப் போட்ட பிச்சை இல்லை. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழியில் படிக்க வசதி செய்து தர வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு சொல்கிறது. மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்த அதே 1956இல் சேர்க்கப்பட்ட பிரிவு அது. "இங்கிலீஷ் மீடியத்துல போட்டிருக்கலாமோ" என்று ஒரு அம்மா வாசலில் நின்று தயங்கும்போது, இது உங்களுக்குத் தெரிந்திருந்தால் பதில் நிதானமாக வரும்.

ஜூனில் கேளுங்கள், எழுதுங்கள்

பள்ளி திறக்கும் நாள் விழாவான பிரவேசனோற்சவம் முடிந்து பலூன்கள் வாடிய மறுநாளே முதல் பாடத்தைத் திறந்துவிடாதீர்கள். இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டு வாங்கி, பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒரு நாளைக்கு மூன்று பேர், ஆளுக்குப் பத்து நிமிடம். மற்றவர்கள் படம் வரைந்துகொண்டிருக்கும்போது ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள். வீட்டில் யார் யார், என்ன பேச்சு பேசுகிறார்கள், காலையில் என்ன சாப்பிட்டாய், வரும் வழியில் என்ன பார்த்தாய். அப்புறம் ஒரு பழைய புத்தகத்தைக் கையில் கொடுத்து எதுவரை வாசிக்கிறான் என்று பாருங்கள். கடைசியாக ஒரு கை புளியங்கொட்டையைக் கொட்டி எண்ணச் சொல்லுங்கள். திருத்த வேண்டாம், எழுதிக்கொள்ளுங்கள், போதும்.

இதில் கிடைக்கும் செல்வம் பெரிது. ஒருமுறை முதல் வகுப்பில் குடும்பப் படம் போட்ட பக்கம் நடந்துகொண்டிருந்தது. படத்தில் நரைத்த தலையோடு ஒருவர், கீழே 'தாத்தா' என்று எழுத்து. ஒரு பையன் அதன் மேல் விரலை வைத்து, "இது அப்பாருங்க டீச்சர்" என்றான். பக்கத்தில் இருந்த பெண் பிள்ளை, "இல்ல, அப்புச்சி" என்றாள். இருவருக்கும் சண்டை மூண்டுவிட்டது. கொங்கு வழி வீடுகளில் அப்பாவின் அப்பா அப்பாரு, அம்மாவின் அப்பா அப்புச்சி. பையன் வளர்வது அப்பாரு வீட்டில், அவள் வளர்வது அப்புச்சி வீட்டில். பின் வரிசையில் இருந்த ஒரு குழந்தையின் அம்மா மலையாளம். அது மெதுவாக, "எங்க வீட்ல முத்தச்சன்" என்றது. நான் புத்தகத்தை மூடிவிட்டு, போர்டில் ஒரு மரம் வரைந்து இந்தச் சொற்களையெல்லாம் கிளைகளில் எழுதினேன். யார் வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணினோம். அதிகம் யார், குறைவு யார் என்று பார்த்தோம். எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள், தெரியாதவர்கள் முகம் வரைந்தார்கள். மூன்று பாடவேளை போயிற்று. மொழி, கணக்கு, சூழல், ஓவியம் நாலும் அதில் நடந்து முடிந்திருந்தன.

முதலிரண்டு வகுப்புகளில் நம்மிடம் எதிர்பார்க்கப்படும் ஒருங்கிணைந்த பாடம் இப்படித்தான் நடக்கிறது. பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை நடுவில் வைத்தால் பாடங்கள் அதைச் சுற்றி வந்து உட்காரும்.

ஆண்டை ஒரே தாளில் போடுங்கள்

ஜூன் கடைசியில் ஒரு பெரிய சார்ட் வாங்குங்கள். மேலே ஜூன் முதல் மார்ச் வரை பத்து மாதம், இடப்பக்கம் பாடங்கள். மாதப் பெயருக்குக் கீழே முதலில் பாட எண்ணை எழுதாதீர்கள். அந்த மாதத்தில் ஊரில் என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். ஜூன், ஜூலையில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. ஓணத்துக்கு முன்னால் தேர்வு, பின்னால் பத்து நாள் விடுமுறை. மார்கழியில் கிழக்குக் காற்று, கிறிஸ்துமஸ் தேர்வு. தையில் முதலமடைப் பக்கம் மாந்தோப்புகளில் வேலை மும்முரம். மற்ற ஊர்களுக்கு முன்பே இங்கே காய் லாரி ஏறிவிடும், அதனால் சில வீடுகளில் அம்மா அப்பா விடியற்காலையிலேயே போய்விடுவார்கள், பிள்ளை பல் விளக்காமல் வரும். இதெல்லாம் எழுதிய பிறகு பாடங்களைப் பார்த்து எது எந்த மாதத்தில் பொருந்தும் என்று வையுங்கள். பாடநூல் வரிசையைப் பெரிதாகக் குலைக்க வேண்டியதில்லை, ஒரு மாதம் முன்னே பின்னே நகர்த்தினாலே பல பாடங்கள் உயிர் பெறும்.

தினாசரணங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள், ஜூன் 19 வாசிப்பு நாள், ஜூலை 21 சாந்திர தினம் (நிலவு நாள்), மலையாள மாதமான சிங்ஙம் 1 உழவர் நாள், நவம்பர் 1 கேரளப் பிறவி என்று கேரளத்துப் பள்ளிகளில் இவை நிறைய. எல்லாவற்றுக்கும் கையெழுத்து இதழும் போஸ்டரும் செய்யப் போனால் வகுப்பே நடக்காது. பள்ளி செய்வதில் கலந்துகொள்ளுங்கள்; உங்கள் வகுப்பு அளவில் ஒரு பருவத்துக்கு இரண்டை மட்டும் எடுத்து ஆழமாகச் செய்யுங்கள். நான் விடாமல் எடுப்பது வாசிப்பு நாள். அன்று தொடங்கும் வகுப்பு நூலகம் மார்ச் வரை ஓடும்.

கல்வி உரிமைச் சட்டப்படி 5ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 பாட மணி நேரம் இருக்க வேண்டும். நாளுக்கு நாலு மணி நேரம். அதுதான் குறைந்த அளவு, நம் பள்ளி நேரம் அதைவிடக் கூடுதலாகவே வரும். ஆகவே நேரம் இல்லை என்பதைவிட, நேரம் எங்கே போகிறது என்று பார்ப்பது பயன் தரும். வாரத்துக்கு 35 பாடவேளை இருந்தபோது மூன்றாம் வகுப்பில் நான் வைத்திருந்த பங்கீடு இது: தமிழ் 8, கணக்கு 7, சூழல் 5, ஆங்கிலம் 5, மலையாளம் 3, கலை 2, விளையாட்டு 2, கைவேலை 1, நூலகம் 2. உங்கள் ஹெச்.எம். தரும் அட்டவணை வேறாக இருக்கலாம். அப்படியானால் அதையே பின்பற்றுங்கள். எதுவாக இருந்தாலும், கடைசி நாலுக்கும் ஒதுக்கிய ஏழு வேளையைக் கணக்குக்குக் கடன் கொடுக்காதீர்கள்.

அந்தத் தவறை நான் செய்திருக்கிறேன். ஒரு வருடம் நாலாம் வகுப்பில் நல்ல பிள்ளைகள் நாலைந்து பேர் இருந்தார்கள், எல்.எஸ்.எஸ். வாங்க வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. நவம்பரிலிருந்து கலை, விளையாட்டு, கைவேலை எல்லாவற்றையும் வினாத்தாள் பயிற்சியாக்கினேன். கடைசி வரிசையில் ஒரு பையன். எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறுவான், ஆனால் பனைமட்டையில் காற்றாடி செய்தால் அது நிற்காமல் சுற்றும். வகுப்பில் எல்லோரும் அவனிடம் போய்க் கற்றுக்கொள்வார்கள். அவனுக்கு மரியாதை கிடைத்த ஒரே பாடவேளையை நான் பிடுங்கிவிட்டேன் என்று அப்போது தோன்றவில்லை. ஜனவரியில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வந்தான். கூப்பிட்டுக் கேட்டபோது அவன் அம்மா, "வரமாட்டேங்கறானுங்க டீச்சர், வயித்து வலிங்கறான்" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை கைவேலை வேளையைத் திரும்ப வைத்தேன். வந்தான். அந்த ஏழு வேளையை அதன் பிறகு நான் தொட்டதே இல்லை.

மூன்று மொழி, ஒரு நாக்கு

எல்லையோரத்தில் மொழிப் பாடம்தான் அதிகக் கவனம் கேட்கும். தமிழ் வீட்டு மொழி. மலையாளம் ரோட்டிலும் ஆபீசிலும் இருக்கிறது, 2017இல் வந்த சட்டத்துக்குப் பிறகு பள்ளியிலும் மலையாளம் கட்டாயம். ஆங்கிலம் எல்லோருக்கும் வேண்டும். மூன்றையும் ஒரே நேரத்தில் எழுத்தில் தொடங்கினால் பிள்ளை மூன்றிலும் தடுமாறும். முதல் வகுப்பில் தமிழை மட்டும் எழுத்தில் பிடியுங்கள். மற்ற இரண்டும் காதிலும் வாயிலும் இருக்கட்டும்: பாட்டு, கதை, கட்டளை விளையாட்டு. தமிழில் சரளமாக வாசிக்கத் தொடங்கிய பிள்ளைக்கு மலையாள எழுத்து எளிதாக வந்துவிடும். எழுத்துக் கூட்டும் வித்தை ஒருமுறை கைவந்தால் போதும்.

மலையாள எழுத்துக்குப் போகும்போது எந்த இடத்தில் இடறும் என்று முன்கூட்டித் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நம் ஒரு 'க'வுக்கு அங்கே நாலு எழுத்து. 'ச', 'ட', 'த', 'ப'வுக்கும் அப்படியே. தமிழ்ப் பிள்ளைக்கு அந்த ஒலிகளில் சில வாயில் வரும், ஆனால் அவை வேறு வேறு எழுத்து என்று தோன்றாது. அதனால் கேட்டுப் பிரிக்கும் விளையாட்டு முதலில். நான் இரண்டு சொல் சொல்வேன், ஒரே ஒலியா வேறு ஒலியா என்று கை தூக்க வேண்டும். பத்து நாள் இதைச் செய்த பிறகுதான் எழுத்து.

அடுத்தது, கேட்பதற்கு ஒன்றாக இருந்து பொருள் மாறும் சொற்கள். பள்ளித் தண்ணீர்த் தொட்டியில் 'குடிவெள்ளம்' என்று மலையாளத்தில் எழுதியிருக்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அதை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு ஓடி வந்து, "டீச்சர், தொட்டிக்குள்ள வெள்ளம் வந்துருச்சா?" என்று கேட்டது. வாசித்துவிட்டதே என்ற சந்தோஷம் எனக்கு, பயம் அதற்கு. அன்றே சுவரில் ஒரு தாள் ஒட்டினோம், இடப்பக்கம் நம் சொல், வலப்பக்கம் அவர்கள் சொல். நமக்கு வெள்ளம் ஊரை மூழ்கடிப்பது. அவர்களுக்கு வெள்ளம் குடிக்கும் தண்ணீர், ஊரை மூழ்கடிப்பது வெள்ளப்பொக்கம். நமக்குப் பறை அடிப்பது. அவர்களுக்குப் பறைவது பேசுவது. நமக்கு மதி நிலா. அவர்களுக்கு மதி போதும் என்பது. சோறு போடும் சேச்சி (அக்கா) "மதியோ?" என்று கேட்கும்போதெல்லாம் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். வருடக் கடைசியில் அந்தத் தாளில் நாற்பது சொல்லுக்கு மேல் சேர்ந்திருந்தது, பாதி பிள்ளைகள் கொண்டு வந்தவை.

தமிழிலும் வீட்டுப் பேச்சைக் குறை சொல்லாதீர்கள். "வந்துருச்சுங்க" என்று சொன்ன பிள்ளையை "வந்துவிட்டது என்று சொல்" என்று அப்போதே நிறுத்தினால் அடுத்த முறை அது பேசாது. பேசட்டும். நீங்கள் போர்டில் எழுதும்போது எழுத்துத் தமிழில் எழுதி, இரண்டையும் பக்கம் பக்கமாக வாசித்துக் காட்டுங்கள். தினமும் பத்து நிமிடம் நீங்களே சத்தமாக ஒரு கதை வாசிக்க வேண்டும், நாலாம் வகுப்பானாலும். இதை மட்டும் எந்த நாளும் விடாதீர்கள்.

ஆங்கிலத்துக்கு ஏபிசி பாட்டோடு நின்றுவிடாமல், வகுப்பில் அன்றாடம் நடக்கும் செயல்களுக்கு ஆங்கிலக் கட்டளைகளைப் பழக்குங்கள். உட்கார், எழு, கதவைத் திற, நீலப் பென்சிலைக் கொடு. சொல்வதும் செய்வதும் ஒன்றாக நடந்தால் மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

வாசிப்புக்கு இந்த ஊர் தரும் ஒரு வசதி பஸ். கொழிஞ்சாம்பாறையில் அரை மணி நேரம் நின்றால் பொள்ளாச்சி பஸ்ஸின் தமிழ் போர்டும் பாலக்காடு பஸ்ஸின் மலையாள போர்டும் மாறி மாறி வரும். அட்டையில் போர்டுகள் செய்து, நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, கண்டக்டர், டிரைவர் வைத்து வகுப்பிலேயே பஸ் ஓட்டினோம். டிக்கெட் காசில் கணக்கும் வந்தது.

கணக்கு: சொல்லிலேயே ஒளிந்திருக்கும் சிக்கல்கள்

ஒரு பிள்ளை 13 என்று எழுத வேண்டிய இடத்தில் 31 எழுதினால் கவனக்குறைவு என்று விட்டுவிடாதீர்கள். தமிழில் 'பதின்மூன்று' என்று பத்து முன்னால் வரும். ஆங்கிலத்தில் 'தேர்ட்டீன்' என்று மூன்று முன்னால் வரும். ஒரே வருடத்தில் இரண்டு மொழியில் எண் கற்கும் பிள்ளைக்கு இந்தக் குழப்பம் இயல்பு. 'தொண்ணூறு' என்ற சொல்லுக்குள் நூறு இருக்கிறது, 'தொள்ளாயிரம்' என்பதற்குள் ஆயிரம் இருக்கிறது, மலையாளத்திலும் அப்படியே. காதால் கேட்டு எழுதும் பிள்ளை தொண்ணூற்று மூன்றுக்கு நூற்றைக் கொண்டு வந்தால் அது நன்றாகக் கேட்டிருக்கிறது என்று பொருள்.

இதற்கு மருந்து கையில் பிடிக்கும் கட்டுகள். தென்னை ஈர்க்கை ஒரே நீளத்தில் நறுக்கி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு வையுங்கள். பத்துக் கட்டைச் சேர்த்தால் நூறு. எண்ணைச் சொன்னதும் முதலில் கட்டை எடுக்க வேண்டும், அப்புறம் எழுத வேண்டும். ஒன்பது கட்டு, மூன்று உதிரி என்று கையில் இருக்கும்போது தொண்ணூற்று மூன்றில் நூறு எங்கும் இல்லை என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். மூன்று மாதம் ஈர்க்கு, அதன் பிறகு படம், கடைசியில் வெறும் எண். இந்த வரிசையில் அவசரப்பட்டால் நாலாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தலில் வந்து நிற்கும்.

நாலாம் வகுப்புப் பின்னத்துக்கு நான் வருடா வருடம் செய்வது நிலக்கடலை வகுப்பு. வீட்டில் பரணில் கிடக்கும் பழைய அளவைகளைக் கொண்டு வரச் சொல்வேன். ஒரு வருடம் ஒரு பெண் பிள்ளை ஆத்தாவின் இரும்புப் படியைத் துணியில் சுற்றிக் கொண்டு வந்தாள். அடியில் துரு, விளிம்பு மழமழவென்று தேய்ந்திருந்தது. இன்னொருவன் ஆழாக்கும் உழக்கும். தரையில் செய்தித்தாள் விரித்து கடலையைக் கொட்டினோம். ஆழாக்கால் படியை நிரப்பும்போது எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள்: எட்டு. உழக்கால் நாலு. உரி கிடைக்கவில்லை, ஆகவே இரண்டு உழக்கை ஒரு டம்ளரில் கொட்டிக் கோடு போட்டு உரி செய்தோம், அது இரண்டு. ஆழாக்கு என்றால் அரைக்கால் படி, உழக்கு கால் படி, உரி அரைப்படி. எட்டில் ஒன்று, நாலில் ஒன்று, இரண்டில் ஒன்று என்று போர்டில் எழுதினேன். எட்டு பெரிய எண்ணாக இருந்தும் எட்டில் ஒன்று ஏன் சின்னது என்று யாரும் கேட்கவில்லை, ஆழாக்கு கண் முன்னால் இருந்தது.

அப்போதுதான் மலையாள வீட்டுப் பையன் அவர்கள் வீட்டு நாழியை எடுத்து வைத்தான். நாலு நாழி ஓர் இடங்ஙழி என்று அவன் பாட்டி சொல்லி அனுப்பியிருந்தார். நாழியும் படியும் ஒன்று என்று கேள்விப்பட்டிருந்த பிள்ளைகள் அளந்து பார்த்தார்கள். நாழி நம் படியைவிட மிகச் சிறியது. "அப்ப கடைக்காரர் எதுல அளப்பாரு?" என்று ஒருவன் கேட்டான். நான் லிட்டர் குவளையை வெளியே எடுத்தேன். எல்லோருக்கும் ஒரே அளவு ஏன் வேண்டியிருக்கிறது என்ற பாடத்தை அன்று நான் தனியாக நடத்தவே இல்லை. வகுப்பு முடிந்ததும் கடலையை வறுத்துக் கொடுத்தார் சமையல் சேச்சி.

காற்றும் தண்ணீரும்

சூழல் பாடத்துக்கு நம் பக்கம் கிடைத்திருக்கும் பெரிய கருவி காற்று. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை இல்லாமல் திறந்து கிடக்கும் கணவாயில்தான் நாம் இருக்கிறோம். ஜூனில் ஒரு மூங்கில் குச்சியின் நுனியில் சிவப்பு ரிப்பன் கட்டிப் பள்ளி முற்றத்தில் நட்டு வையுங்கள். காலை மணி அடித்ததும் ஒரு பிள்ளை போய்ப் பார்த்து, காற்று எங்கிருந்து வருகிறது என்று நாட்காட்டியில் அம்புக்குறி போட வேண்டும். தினம் ஒரு நிமிட வேலை. ஜூலை முழுக்க மேற்கிலிருந்து வரும் அம்புகள். டிசம்பர், ஜனவரியில் அத்தனையும் திரும்பிக் கிழக்கிலிருந்து வரும், உதடு வெடிக்கும், பனை ஓலை ராத்திரி முழுக்கச் சலசலக்கும். இரண்டு மாதத் தாளையும் பக்கத்தில் ஒட்டிவைத்து, "என்ன பார்க்கிறீங்க?" என்று மட்டும் கேளுங்கள். விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

தமிழ் வேளையில் தென்றல், வாடை, கொண்டல், கோடை என்ற நாலு காற்றுப் பெயர்களையும் அதே தாளின் நாலு திசையில் எழுதலாம்: தெற்கு, வடக்கு, கிழக்கு, மேற்கு. கணக்கில் எத்தனை நாள் எந்தத் திசை என்று எண்ணிக் கட்டம் போடலாம். வரைவதற்குச் சாய்ந்த பனை இருக்கவே இருக்கிறது.

மண்ணுக்கு ஒரு சின்ன வேலை போதும். கிழக்குப் பஞ்சாயத்துகளிலிருந்து வரும் பிள்ளை கரிசல் மண் கொண்டு வரும், மற்றவை செம்மண். அடியில் துளையிட்ட இரண்டு பாட்டில்களில் போட்டு ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, எது முதலில் சொட்டுகிறது என்று பாருங்கள்.

தண்ணீர் கொஞ்சம் பெரிய பாடம். வயலுக்கு வரும் வாய்க்கால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள். வாய்க்காலிலிருந்து மூலத்தறைத் தடுப்பணை, அங்கிருந்து சித்தூர்ப் புழை (மலையாளத்தில் புழை என்றால் ஆறு), அப்புறம் ஆழியாறு, ஆனைமலை என்று பின்னோக்கிப் போகப் போகப் பிள்ளைகள் எல்லையைத் தாண்டிவிடுவார்கள். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தில் இரண்டு மாநிலங்களும் கையெழுத்திட்டது 1970இல். சித்தூர்ப் பாசனத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தர வேண்டும் என்பது அதில் இருக்கிறது. இந்த எண்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும், மூன்றாம் வகுப்புக்கு வேண்டாம். அவர்களுக்கு மேலே மலை, கீழே புழை, நடுவில் யார் யார் வயல் என்ற ஒரு படம் போதும். தண்ணீர் வராத வருடத்தில் இந்தப் பாடத்தை நடத்தினால் வீட்டில் கேட்ட கோபமும் பிள்ளையோடு வகுப்புக்கு வரும். அதைப் பேச விடுங்கள், பக்கம் சேராதீர்கள்.

"நாம தமிழ்நாடா, கேரளாவா டீச்சர்?" இந்தக் கேள்வி ஒவ்வொரு வருடமும் நவம்பர் 1 ஒட்டி வரும். என் பதில்: நம் ஊர் கேரளா, நம் பேச்சு தமிழ், இரண்டும் நம்முடையவை. அப்புறம் கதை சொல்வேன். சித்தூர் முன்னே கொச்சி ராஜ்யத்தில் இருந்தது, பாலக்காடு மதராஸ் மாகாணத்து மலபாரில் இருந்தது, 1956இல் எல்லாம் சேர்ந்து கேரளம் ஆனது. அதே நாளில் செங்கோட்டையும் கன்னியாகுமரிப் பக்கமும் அந்தப் பக்கம் போயின. கோடு நகர்ந்தது, ஆட்கள் அவரவர் வீட்டிலேயே இருந்தார்கள்.

மாசியில் சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன்படைத் திருவிழா வரும். கொங்குப் படையைத் தோற்கடித்த நினைவாகக் கொண்டாடுவது. வகுப்பில் பல பிள்ளைகளின் பூர்வீகம் அந்தக் கொங்கு நாடு. அதை ஒதுக்கிவிட வேண்டாம். வேஷம், வாத்தியம், கூட்டம், கடை என்று கண்ணால் கண்டதைச் சொல்லவும் வரையவும் விடுங்கள். இன்று இரண்டு தரப்புப் பிள்ளைகளும் ஒரே கடையில் பலூன் வாங்குவதை ஒரு பிள்ளை வரைந்திருந்தது, அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

கலை, விளையாட்டு, கைவேலை

பாட வராது, வரைய வராது என்று பின்வாங்க வேண்டாம். ஊரில் ஆள் இருக்கிறார்கள். கும்மிப் பாட்டுத் தெரிந்த ஆத்தாக்கள், ஓலை முடையும் தாத்தா, கோலம் போடும் அம்மாக்கள். மாதத்துக்கு ஒருவரை ஹெச்.எம். அனுமதியோடு அழையுங்கள். கோலத்தில் புள்ளி எண்ணுவது நல்ல கணக்கு. விளையாட்டுக்குப் பல்லாங்குழி, நொண்டி, கயிறு தாண்டுதல் போதும், சாமான் வேண்டியதில்லை. பெண் பிள்ளைகள் ஓரமாக உட்கார்ந்து பார்க்கும் விளையாட்டாக மட்டும் இருந்துவிடக் கூடாது, அதைக் கவனியுங்கள்.

ஒரு அப்பா பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர்) கூட்டத்தில் என்னைக் கேட்டார்: "ஏனுங் டீச்சர், படம் வரையறதுக்கா புள்ளையப் பள்ளிக்கூடம் அனுப்பறம்?" நான் விளக்கவில்லை. அவர் மகள் ஜூனில் வரைந்ததையும் டிசம்பரில் வரைந்ததையும் எடுத்துக் காட்டினேன். ஜூன் படத்தில் ஒரு வீடு, கீழே எழுத்தே இல்லை. டிசம்பர் படத்தில் வீடு, கிணறு, மோட்டார், ஆடு ஆறு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பெயர், கீழே நாலு வரி. அவர் அதைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார், "இதை நான் வீட்டுக்குக் கொண்டு போகட்டுங்களா?" என்றார். கூட்டத்துக்கு முன் இப்படி ஆளுக்கு இரண்டு தாளாவது எடுத்து வைத்திருங்கள். கிரேடைச் சொல்வதற்கு முன் அதைக் காட்டுங்கள்.

மார்ச்சில் கைமாற்றுவது

தொடர் மதிப்பீட்டுக்கென்று தனியாக எதையும் தயாரிக்காதீர்கள். ஜூனில் தொடங்கிய நோட்டில் மாதத்துக்கு இரண்டு வரி எழுதி வந்தால் ஓணம், கிறிஸ்துமஸ், ஆண்டுத் தேர்வு மூன்றுக்கும் அதுவே கை கொடுக்கும். நடுவில் பொள்ளாச்சிப் பக்கம் வேலைக்குப் போய், குடும்பத்தோடு பிள்ளையும் போய்விட்டு மறுபடி வந்து சேர்ந்தால், எங்கே விட்டான் என்று அந்தப் பக்கம் சொல்லும்.

நாலாம் வகுப்பு முடிந்து போகும் பிள்ளைகளுக்கு ஒரு தனித் தாள் எழுதி, யு.பி. ஆசிரியரிடம் நேரில் கொடுங்கள். மதிப்பெண் அவருக்கு எப்படியும் கிடைக்கும், அதை மறுபடி எழுத வேண்டாம். தமிழில் எந்த அளவு வாசிக்கிறது, மலையாளத்தில் பேச்சு வருமா எழுத்து வருமா, கணக்கில் கட்டு இன்னும் தேவையா, வீட்டில் யார் இருக்கிறார்கள், எந்த மாதத்தில் வருகை குறையும், கை எதில் ஓடும். காற்றாடி செய்த பையனின் தாளில் கடைசி வரியாக, 'வெள்ளிக்கிழமை கைவேலை வேளை இருந்தால் வாரம் முழுக்க வருவான்' என்று எழுதிக் கொடுத்தேன்.